கடல் சூடானால் தாவர மிதவைகள் பெருகுமா, குறையுமா?

கேள்வி இது: புவி வெப்பமடைவதால் கடலின் மேல்நீரும் அடிநீரும் கலப்பது குறைகிறது, அதனால் தாவர மிதவை உயிரிகள் அருகிவருகின்றன என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், பாசிப்பெருக்கம் (இதே உயிரிகள் ஓரிடத்தில் திரளாகப் பெருகுவது) உலகெங்கும் கூடிவருகிறது என்று இன்னொரு பக்கம் செய்தி வருகிறது, இரண்டில் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். அவை வெவ்வேறு இடங்களைப் பற்றியும், ஓரளவுக்கு வெவ்வேறு நிகழ்வுகளைப் பற்றியும் பேசுகின்றன. கடல்நீர் மேலும் கீழுமாகக் கலப்பது இந்த உயிரிகளுக்கு உணவைக் கொண்டுவருகிறது. அதே கலப்பு அவற்றை இருட்டுக்குள் இழுத்துச் சென்று ஒளியையும் பறிக்கிறது. ஆகவே கலப்பு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. அந்த இடத்தில், அந்தப் பருவத்தில், அவற்றுக்குப் பற்றாக்குறையாக இருப்பது உணவா ஒளியா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெப்பமண்டலக் கடல்களைப் பார்த்து உருவான ஒரு முடிவை உலகம் முழுவதற்கும் நீட்டிச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வருகிறது.

நீரில் மிதந்தபடி ஒளிச்சேர்க்கை செய்யும் தாவர மிதவைகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறியவை. உலகில் ஒளிச்சேர்க்கையால் ஆண்டுதோறும் உயிர்ப்பொருளாக மாறும் கார்பனில் ஏறத்தாழப் பாதி இவற்றின் வழியாகவே மாறுகிறது. ஆனால் உலகத் தாவரங்களின் மொத்த எடையில் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. சில நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, ஏறக்குறைய அதே வேகத்தில் விலங்கு மிதவைகளால் (நீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகளால்) உண்ணப்பட்டுவிடுவதே இதற்குக் காரணம். மிகத் தெளிந்த நடுக்கடலிலும் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதிய ஒளி இல்லை. கரையோரத்தின் கலங்கல் நீரிலோ சில பத்து மீட்டருக்குள் ஒளி தீர்ந்துவிடும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் போன்ற சத்துகளின் பெரும் இருப்போ கீழே இருக்கிறது. மேலே இறந்தவையும் கழிவுகளும் அடியை நோக்கி மூழ்க, பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்துச் சத்துகளை ஆழத்திலேயே விடுவிப்பதால் இந்த நிலை. விளக்கு மாடியிலும் நெல் நிலவறையிலும் இருக்கும் வீட்டைப் போன்றது கடல். காற்று, குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து மூழ்குதல், கரையோர நீர் மேலெழுச்சி, நீர்ச்சுழல்கள் ஆகியவைதாம் நெல்லை மாடிக்கு ஏற்றுகின்றன.

கலப்பின் இந்த இரட்டைத் தன்மையை மிக நன்றாக ஆராய்ந்திருப்பது வட அட்லாண்டிக்கில்தான். அங்கே குளிர்காலப் புயல்களும் கடுங்குளிரும் மேல்நீரை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை கலக்கிவிடுகின்றன. கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள லாப்ரடார் கடலில் இந்த ஆழம் சில ஆண்டுகளில் 1000 மீட்டரையும் தாண்டும். வசந்தம் வந்ததும், விண்வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்குப் பெரும் பாசிப்பெருக்கம் ஒன்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. இதற்கு 1953இல் நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப் கொடுத்த விளக்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடநூல்களை ஆண்டது. நார்வே கடலில், வடக்கு 66 பாகையில் நின்றிருந்த 'எம்' என்னும் வானிலைக் கப்பல் 1949இல் எடுத்த அளவீடுகளைக் கொண்டு அவர் ஒரு கணக்கை முன்வைத்தார். ஒன்றாகக் கலந்துகிடக்கும் மேல்நீரில், அதாவது கலப்பு அடுக்கில், மேலும் கீழுமாகச் சுழலும் ஓர் உயிரணு ஒளியில் இருக்கும்போது வளர்கிறது, இருட்டில் இருக்கும்போது இழக்கிறது. வரவும் செலவும் சமமாகும் ஆழம் ஒன்று உண்டு. கலப்பு அடுக்கு அந்த வரம்பு ஆழத்தைவிடத் தடிமனாக இருக்கும்வரை சத்து எவ்வளவு இருந்தாலும் பெருக்கம் நிகழாது. வசந்த வெயில் மேல்நீரைச் சூடாக்கி அடுக்கை மெலிதாக்கும்போது பெருக்கம் தொடங்கும். எளிமையான, அழகான கணக்கு.

2010இல் கடல் ஆய்வாளர் மைக்கேல் பெரன்ஃபெல்ட் இதைக் கைவிட வேண்டும் என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கடலின் நிறத்தை அளந்த சீவிஃப்ஸ் செயற்கைக்கோள் கருவியின் ஒன்பது ஆண்டுத் தரவுகளில், தாவர மிதவைகளின் மொத்த இருப்பு வசந்தத்துக்காகக் காத்திருக்காமல், கலப்பு அடுக்கு மிக ஆழமாக இருக்கும் நடுக்குளிர்காலத்திலேயே ஏறத் தொடங்குவதை அவர் கண்டார். ஆழமாகக் கலக்கும்போது இரையும் அதைத் தின்பவையும் பெரும் நீர்ப்பரப்பில் கரைந்து விலகிவிடுகின்றன, சந்திப்பு குறைகிறது, மந்தமான குளிர்கால வளர்ச்சிகூட இழப்பை மிஞ்சிவிடுகிறது என்பது அவர் விளக்கம். நாசா 2015 முதல் 2018 வரை நடத்திய 'நேம்ஸ்' என்னும் கப்பல், விமான ஆய்வுப் பயணங்கள் இந்த ஆண்டுச் சுழற்சியை அதன் வெவ்வேறு கட்டங்களில் அளப்பதற்காகவே திட்டமிடப்பட்டவை.

இதற்கிடையில் இயற்பியலாளர்கள் வேறு ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே சீரான அடர்த்தி உள்ள அடுக்கு என்பதும், அந்த நேரத்தில் உண்மையிலேயே கலங்கிக்கொண்டிருக்கும் அடுக்கு என்பதும் ஒன்றல்ல. கடல் தன் வெப்பத்தைக் காற்றுக்கு இழப்பது நின்றவுடனேயே, அடுக்கு ஆழமாகத் தெரிந்தாலும், உள்ளே கலக்கம் அடங்கிவிடும். உயிரணுக்கள் மேலேயே தங்கி வளரத் தொடங்கலாம் என்று 2011இல் ஜான் டெய்லரும் ரஃபேல் ஃபெராரியும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அமலா மகாதேவனும் உடன் ஆய்வாளர்களும், ஐஸ்லாந்துக்குத் தெற்கே 2008இல் மிதவைக் கருவிகளையும் நீர்மூழ்கிக் கிளைடர்களையும் கொண்டு எடுத்த அளவீடுகளை வைத்து, சில கிலோமீட்டர் அகலமே உள்ள நீர்ச்சுழல்கள் இலேசான நீரைக் கனமான நீரின் மேல் சரியவிட்டு, வெயில் மேல்நீரைச் சூடாக்கும்வரை காத்திராமல் மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே பெருக்கத்தைத் தொடங்கிவைக்கின்றன என்று நிறுவினார்கள்.

இவற்றில் ஒன்று வென்று மற்றவை தோற்றன என்று நான் கருதவில்லை. ஸ்வெர்ட்ரூப்பின் கணக்கில் இழப்பு மாறாத ஓர் எண்; உண்மையில் அதுதான் அதிகம் மாறுவது. இந்த வேறுபாடு பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது முக்கியமாகிவிடுகிறது. ஸ்வெர்ட்ரூப் சொன்னது மட்டுமே காரணம் என்றால், வெப்பமடையும் கடலில் மேல்நீர் சீக்கிரமே அடுக்காகிப் பெருக்கம் முன்கூட்டித் தொடங்கும், அவ்வளவுதான். பெரன்ஃபெல்ட் சொன்னதும் காரணம் என்றால், குளிர்காலக் கலப்பு ஆழம் குறையக் குறைய இரையும் வேட்டையாடியும் பிரியும் வாய்ப்பே குறைந்து, வசந்தப் பெருக்கத்தின் உச்சம் தாழ்ந்துவிடக்கூடும். தொடக்க நாளை மட்டும் பார்ப்பவருக்கு நல்ல செய்தியாகத் தெரிவது, உச்சத்தைப் பார்ப்பவருக்கு அப்படித் தெரியாது.

கடல் இப்போது எந்த அளவுக்கு அடுக்கடுக்காகப் பிரிந்துவருகிறது? பசுமைக்குடில் வாயுக்களால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் செல்கிறது. அது மேலிருந்து உள்ளே செல்வதால் மேல்நீர் முதலில் இலேசாகிறது. பனி உருகிய நீரும் சில இடங்களில் கூடும் மழையும் உப்பைக் குறைத்து அதை இன்னும் இலேசாக்குகின்றன. 1970 முதல் 2018 வரையான காலத்தில், மேல் 200 மீட்டரில், இலேசான மேல்நீரும் கனமான அடிநீரும் கலக்காமல் நிற்கும் இந்த அடுக்குப்பிரிவு ஏறத்தாழ 5 விழுக்காடு வலுத்திருக்கிறது என்பது ஐநாவின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை தரும் மதிப்பீடு. அடுக்குப்பிரிவு வலுத்தால் கலப்பு அடுக்கு மெலிய வேண்டும் என்று தோன்றும். ஆனால் 2021இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, கோடைகாலக் கலப்பு அடுக்கு பல கடல்களில் பத்தாண்டுக்குச் சில மீட்டர் என்ற கணக்கில் தடித்து வந்திருப்பதையும், அதே நேரத்தில் அதன் அடியில் உள்ள தடுப்பு வலுத்திருப்பதையும் காட்டியது. காற்று வலுத்ததை அந்த ஆய்வாளர்கள் ஒரு காரணமாகக் கருதினார்கள். இது தாவர மிதவைகளுக்கு இரட்டை நட்டம்: அடுக்கு தடிப்பதால் ஒளி குறைகிறது, அடித்தடுப்பு வலுப்பதால் சத்து மேலே வருவதும் குறைகிறது. பாடநூல் படத்தில் இந்த வாய்ப்பே இல்லை.

சத்துப் பற்றாக்குறை உள்ள கடல்களில் விளைவு எதிர்பார்த்தபடியே இருக்கிறது. வெப்பமண்டலத்துக்குச் சற்று அப்பால் உள்ள பெருஞ்சுழல் மண்டலங்களே உலகின் நீலப் பாலைவனங்கள். 1998க்கும் 2006க்கும் இடையில் மிகக் குறைந்த பச்சையம் உள்ள பரப்பு 66 லட்சம் சதுர கிலோமீட்டர் விரிந்தது என்று ஜெஃப்ரி போலோவினா குழுவினர் கணித்தார்கள். வடதுருவக் கடலில் நேர் எதிர். அங்கே பற்றாக்குறை ஒளிக்குத்தான். பனிப்பரப்பு சுருங்கியதாலும் மிதவைகள் அடர்ந்ததாலும் 1998 முதல் 2018 வரை அங்கே உற்பத்தி 57 விழுக்காடு உயர்ந்தது. தென்பெருங்கடலிலோ நைட்ரேட் மிச்சமாகவே கிடக்கிறது, குறைவது இரும்பு. 2019-20 காட்டுத்தீயின்போது ஆஸ்திரேலியாவிலிருந்து பறந்து சென்ற புகைத்தூசி அங்கே பெரும் பாசிப்பெருக்கத்தை உண்டாக்கியது இதைக் கண்கூடாகக் காட்டியது.

நம்மைச் சூழ்ந்த கடலுக்கு வருவோம். உலகிலேயே இந்தக் கேள்வி மிகச் சிக்கலாக இருப்பது இங்கேதான். இந்தியத் துணைக்கண்டத்தின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இரண்டு கடல்கள். ஆனால் ஒன்று உலகின் மிகச் செழிப்பான கடல்களில் சேரும், மற்றது அதற்கு வெகு பின்னால் நிற்கும். அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டி வீசும்போது ஆழ்நீர் மேலெழுந்து கோடைப் பெருக்கத்தை உண்டாக்குகிறது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று அதன் வடபகுதியில் மேல்நீரைக் குளிர்வித்து, ஆவியாக்கி உப்பேற்றி, மூழ்கச் செய்கிறது. அந்தக் கலப்பு சத்தை மேலே கொண்டுவந்து இரண்டாவது பெருக்கத்தைத் தருகிறது. ஆண்டுக்கு இருமுறை, இரண்டு வெவ்வேறு இயந்திரங்களால் உரமிடப்படும் கடல் அது.

அந்த அரபிக்கடலைப் பற்றியே ஒன்றுக்கொன்று முரணான இரண்டு முடிவுகள் வந்தன. 2005இல் ஜோகிம் கோஸ் குழுவினர் சயன்ஸ் இதழில் எழுதியதன்படி, இமயமலை, யூரேசியப் பகுதிகளில் பனி குறைந்து நிலம் சூடானதால் கோடைப் பருவக்காற்று வலுத்து, மேற்கு அரபிக்கடலில் பச்சையம் ஏழு ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேல் பெருகியிருந்தது. 2016இல் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர், மேற்கு இந்தியப் பெருங்கடலின் உற்பத்தி அறுபது ஆண்டுகளில் 20 விழுக்காடு வரை சரிந்திருக்கிறது, வெப்பத்தால் வலுத்த அடுக்குப்பிரிவே காரணம் என்றார்கள். முதல் ஆய்வு தொடங்கிய 1997, பெரும் எல் நினோவும் (பசிபிக் கடலின் மேல்நீர் சூடாவது) இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வும் (அதன் மேற்குப் பக்கம் சூடாகிக் கிழக்குப் பக்கம் குளிர்வது) சேர்ந்து வந்த ஆண்டு. பச்சையம் தாழ்ந்திருக்கும் அத்தகைய ஆண்டைத் தொடக்கப்புள்ளியாக வைத்தால் அடுத்தடுத்த ஆண்டுகள் ஏற்றமாகவே தெரியும். பிந்தைய ஆண்டுகளின் தரவைச் சேர்த்தபோது அந்த ஏற்றம் தொடரவில்லை. இருந்தாலும் முதல் ஆய்வின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நிலம் கடலைவிட வேகமாகச் சூடானால் காற்று வலுக்கும் என்பது இயற்பியல். கடல் நிலத்தோடு போட்டியிட்டுச் சூடாகிவிட்டதுதான் இந்தியப் பெருங்கடலின் தனிக்கதை.

குளிர்கால இயந்திரத்தில் நடந்த மாற்றம் இதைவிடக் கவலைக்குரியது என்பது என் கருத்து. வட அரபிக்கடலின் குளிர்காலப் பெருக்கத்தில் முன்பு டயாட்டம்கள் என்னும் பெரிய தாவர மிதவைகள் முதலிடம் வகித்தன. அவற்றை விலங்கு மிதவைகளும், அவற்றை மீன்களும் தின்றன. 2000க்குப் பிறகு அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இந்த உயிரி, தனக்குள் வாழும் பச்சைப் பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் வாழும். டயாட்டம்களைப் பிடித்தும் தின்னும். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் அது தாக்குப்பிடிக்கிறது. அதை விரும்பித் தின்பவை பெரும்பாலும் ஜெல்லிமீன்களும், அவற்றைப் போலவே கூழுடல் கொண்ட சால்ப்புகளும்தாம். மீன்களுக்கு அது பயன்படுவதில்லை. இமயத்துப் பனி குறைந்து குளிர்காலக் காற்று சூடும் ஈரமுமாக வருவதால் குளிர்காலக் கலப்பு பலவீனமாகி, நாக்டிலூக்காவுக்கு இது வாய்ப்பாகிறது என்று 2020இல் வந்த ஆய்வு வாதிடுகிறது. இங்கே செயற்கைக்கோள் படத்தில் பச்சை நிறம் குறையவில்லை. பச்சையின் உள்ளடக்கம் மாறிவிட்டது. பெருக்கத்தின் பரப்பை மட்டும் அளப்பவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

வங்காள விரிகுடாவின் நிலை வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகியவற்றின் நீரும் பருவமழையும் மேற்பரப்பில் உப்பு குறைந்த இலேசான போர்வையாகப் பரவிக் கிடக்கின்றன. அரபிக்கடலில் வீசுவதைவிட வலுக்குறைந்த காற்றால் அதைக் கிழித்துக் கீழே உள்ள சத்தை மேலேற்ற முடிவதில்லை. ஆகவே இங்கே அதிகபட்சப் பச்சையம் மேற்பரப்பில் இல்லாமல், செயற்கைக்கோளுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கிறது. இந்தப் போர்வையை உடைப்பவை நீர்ச்சுழல்களும் புயல்களும்தாம். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலுக்குப் பின் சென்னைக்கு அப்பால் உள்ள கடலில் உயிர் உற்பத்தி கூடியிருந்ததைக் கப்பல் ஆய்வு பதிவு செய்தது. வடகிழக்குப் பருவகாலத்தில் தென்மேற்கு விரிகுடாவில், அதாவது தமிழகத்துக்கும் இலங்கைக்கும் கிழக்கே, தோன்றும் பெருக்கத்தைப் புயல்கள் தீவிரமாக்குகின்றன என்று வினயச்சந்திரனும் சைமன் மேத்யூவும் 2003இல் காட்டினார்கள். புயல்கள் கடுமையாகும் எதிர்காலத்தில் இது ஓர் ஈடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. புயலால் வரும் பெருக்கம் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். பருவக்காற்று மாதக்கணக்கில் செய்யும் வேலையை அது ஈடுசெய்யாது என்றே நினைக்கிறேன்.

அளவீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் பார்ப்பது நீரின் நிறத்தை. அதிலிருந்து பச்சையத்தைக் கணிக்கிறோம். ஒளி குறைந்தால் ஓர் உயிரணு தன் பச்சையத்தைத் தானே கூட்டிக்கொள்ளும், சத்து குறைந்தால் குறைத்துக்கொள்ளும். ஆகவே பச்சையம் குறைவதெல்லாம் உயிரிகள் குறைவதாகாது. எல் நினோ போன்ற இயற்கை ஏற்ற இறக்கங்கள் மிகப் பெரியவை என்பதால், பருவநிலை மாற்றத்தின் தடத்தைப் பச்சையத்தில் உறுதியாகக் காண ஏறத்தாழ 40 ஆண்டுத் தொடர்தரவு வேண்டும் என்று 2010இல் ஸ்டெஃபனி ஹென்சன் குழுவினர் கணக்கிட்டார்கள். தொடர்ச்சியான பதிவு 1997இல்தான் தொடங்குகிறது. பச்சையத்தை விட்டுவிட்டு நிறமாலை முழுவதையும் பார்த்த 2023ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இருபது ஆண்டுகளில் உலகக் கடற்பரப்பின் 56 விழுக்காட்டில் நிறம் இயற்கை ஏற்ற இறக்கத்தை மீறி மாறியிருப்பதைக் கண்டது. எதிர்காலக் கணிப்புகளும் இதே தெளிவின்மையைக் காட்டுகின்றன: பசுமைக்குடில் வாயு உமிழ்வு மிக அதிகமாக இருக்கும் சூழலில் இந்நூற்றாண்டின் இறுதியில் உலகக் கடல் உற்பத்தி சராசரியாக 3 விழுக்காடு குறையும் என்று அண்மைய கணினி மாதிரிகளின் தொகுப்பு சொல்கிறது, ஆனால் மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு இரு பக்கமும் 9 விழுக்காடு. பெரிய டயாட்டம்கள் குறைந்து சிறிய உயிரணுக்கள் பெருகும் என்பதில் மாதிரிகளுக்குள் இதைவிட அதிக ஒற்றுமை இருக்கிறது. மீன்வளத்துக்கு அந்த மாற்றமே மொத்த அளவைவிட முக்கியம். சிறிய உயிரணுவிலிருந்து மீனை அடையும் வரை உணவுச் சங்கிலியில் படிகள் கூடுகின்றன, ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி கரைந்துபோகிறது.

காலம் தவறுவதும் அளவுக்கு நிகரான சிக்கல். கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் ஹாடக் மீன் குஞ்சுகள் பிழைப்பது, வசந்தப் பெருக்கம் எவ்வளவு முன்னதாக வருகிறது என்பதைப் பொறுத்தது என்று 2003இல் டிரெவர் பிளாட் குழுவினர் செயற்கைக்கோள் தரவைக் கொண்டே காட்டினார்கள். பெருக்கத்தின் மொத்த அளவு மாறாமல், அது சில வாரங்கள் நகர்ந்தாலே ஒரு தலைமுறை மீன்கள் தப்பவோ அழியவோ கூடும்.

இனி, "பாசிப்பெருக்கம் கூடுகிறது" என்ற செய்திக்கு வருகிறேன். 2003 முதல் 2020 வரையான படங்களை ஆராய்ந்து 2023இல் வந்த ஆய்வு, கரையோரப் பெருக்கங்களின் பரப்பு 13 விழுக்காடும் அவை நிகழும் எண்ணிக்கை 59 விழுக்காடும் கூடியதாகச் சொன்னது. இது கரையோரக் கணக்கு. அங்கே சத்து ஆழத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஆறுகள், உரம், கழிவுநீர், இறால் பண்ணைகள் என நிலத்திலிருந்தும் வருகிறது. ஆகவே கலப்பு குறைந்து நடுக்கடல் வறண்டுகொண்டிருக்கும்போதே கரையோரம் பச்சையாகலாம். அடுக்குப்பிரிவு வலுத்த அமைதியான வெதுவெதுப்பு நீர், நிலத்திலிருந்து வந்த சத்து மேலேயே தேங்குவதற்கு வசதியாகிவிடுகிறது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பகுதிகளில் மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் பச்சைப் பெருக்கத்தால் மீன்கள் செத்து ஒதுங்கியதும் நாக்டிலூக்காவின் வேலை. அது நேரடி நஞ்சால் கொல்வதைவிட, அம்மோனியாவை வெளியிட்டும், அழுகும்போது ஆக்சிஜனைத் தீர்த்தும் கொல்கிறது. அந்த நிகழ்வுகளைப் பருவநிலை மாற்றத்தின் தலையில் மட்டும் கட்டிவிடவும் கூடாது, அதற்குத் தொடர்பே இல்லை என்று சொல்லவும் கூடாது. எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால், நீர் பச்சையாவதற்கு முந்தைய வாரங்களின் நைட்ரேட், உப்புத்தன்மை, ஆக்சிஜன், காற்றின் வேகம் ஆகியவை அந்த இடத்திலேயே அளக்கப்பட்டிருக்க வேண்டும். மீன் செத்து ஒதுங்கிய பிறகு எடுக்கும் மாதிரி, பெருக்கம் எந்த உயிரியுடையது என்பதைச் சொல்லுமே தவிர, அது ஏன் தொடங்கியது என்பதைச் சொல்லாது.